நான்காவது கியரில் மட்டும் சத்தம் இல்லையா? கியர்பாக்ஸை மாற்ற அவசரப்பட வேண்டாம்

கேள்வி: என்னிடம் இருப்பது பழைய, சின்ன ஃபோர் வீல் டிரைவ் ஜீப். ஐந்து கியர், இழுவையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் தனியாக இருக்கும். மண் பாதை, ஓடை என்று அடிக்கடி இறக்குவேன். சில மாதங்களாக கியர்பாக்ஸிலிருந்து ஊளை மாதிரி ஒரு சத்தம். இரண்டு, மூன்றாவது கியரில் அதிகம், நான்கில் கிட்டத்தட்ட இல்லை. பின்பக்க ஆயில் சீலை இரண்டு முறை மாற்றியும் கசிகிறது. மெக்கானிக் பெட்டியையே மாற்றச் சொல்கிறார், ஒரு புரோக்கர் ரீகண்டிஷன் பெட்டி தயாராக இருக்கிறது என்கிறார். மாற்றிவிடலாமா, இல்லை இப்படியே கொஞ்ச நாள் ஓட்டலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் போயிருப்பது பெரும்பாலும் கவுண்டர் ஷாஃப்ட் பேரிங், அதாவது பெட்டிக்குள் கீழே இருக்கும் துணை ஷாஃப்ட்டைத் தாங்கும் பேரிங். அதைக் காட்டிக்கொடுப்பது அந்த நான்காவது கியர்தான். உங்கள் வண்டி மாதிரி இன்ஜின் நீளவாக்கில் இருக்கும் ஐந்து கியர் வண்டிகளில் நான்காவது பொதுவாக நேரடி கியர். இன்ஜினிலிருந்து வரும் ஷாஃப்ட்டும் பின்னால் போகும் ஷாஃப்ட்டும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு இழுவை நேராகப் போய்விடும், கீழே இருக்கும் கவுண்டர் ஷாஃப்ட் பாரமில்லாமல் சும்மா சுற்றும். மற்ற எல்லா கியரிலும் இழுவை அதன் வழியாகத்தான் போயாக வேண்டும். அதனால் எல்லாவற்றிலும் ஊளையிட்டு நான்கில் மட்டும் அடங்கினால் சந்தேகம் முதலில் அங்கேதான் போகும். நான்கிலும் அதே சத்தம் இருந்தால் முன் ஷாஃப்ட், பின் ஷாஃப்ட் பேரிங்குகளைப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு கியரில் மட்டும் கத்தினால் அது அந்தக் கியரின் பல்.

இதை உறுதிப்படுத்த ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, இன்ஜினை ஓடவிட்டு, கிளட்சை மிதிக்காமல் கேளுங்கள். அப்புறம் முழுக்க மிதித்துக் கேளுங்கள். மிதிக்காதபோது முன் ஷாஃப்ட்டும் கவுண்டர் ஷாஃப்ட்டும் சுற்றிக்கொண்டிருக்கும், மிதித்தால் இரண்டும் நின்றுவிடும். மிதித்ததும் உறுமல் அடங்கினால் கோளாறு பெட்டிக்குள். மிதித்தால்தான் சத்தமே வருகிறது என்றால் அது கிளட்ச் ரிலீஸ் பேரிங், அல்லது ஃபிளைவீல் நடுவில் இருக்கும் பைலட் பேரிங். அதற்காக கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டியதில்லை, இறக்கினால் போதும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை வைத்துத்தான் நல்ல பெட்டிகளைத் திறக்கிறார்கள். நியூட்ரலில் ஐடிலிங்கில் ஒரு கடகடப்பு கேட்கும், கிளட்சை மிதித்தால் நின்றுவிடும். இது பல நேரம் பேரிங்கே இல்லை. இன்ஜின் ஐடிலில் ஒரே சீராகச் சுற்றாமல் தட்டித் தட்டித்தான் சுற்றும், அந்தத் தட்டல் பாரமில்லாமல் இருக்கும் கியர் பற்களை ஒன்றோடொன்று மோதவைக்கும். ஆயில் சூடாகி இளகியதும் இன்னும் நன்றாகக் கேட்கும். பேரிங் சத்தத்திலிருந்து இதைப் பிரித்துப் பார்க்க ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்துங்கள். ஐடிலுக்குச் சற்று மேலே போனதும் கடகடப்பு மறைந்தால் அது பற்களின் தட்டல், பயப்பட ஒன்றுமில்லை. பேரிங் அப்படி மறையாது. வேகம் ஏற ஏற அதுவும் ஏறும், கூர்மையாகும். தட்டல் விட்டுவிட்டு வரும், பேரிங் ஒரே நீளமாக உறுமும் அல்லது ஊளையிடும். இன்ஜின் மவுண்டிங் ரப்பர் செத்திருந்தாலும், கிளட்ச் பிளேட்டின் ஸ்பிரிங்குகள் தளர்ந்திருந்தாலும் இந்தக் கடகடப்பு பெரிதாகக் கேட்கும், அதற்கும் பெட்டிக்கும் சம்பந்தமில்லை. உங்களுடையது ஓடும்போது, பாரம் ஏறும்போது வரும் ஊளை என்பதால் இந்தக் கணக்கில் சேராது. ஆனால் இதைப் படிக்கும் வேறு யாராவது ஐடில் சத்தத்துக்குப் பெட்டியை இறக்கத் தயாராக இருந்தால், முதலில் ஆக்சிலரேட்டரை மிதித்துப் பாருங்கள்.

சத்தம் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். நான்கு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். டிரான்ஸ்ஃபர் லீவர் நியூட்ரலில் இருந்தால் கியரில் நிறுத்திய வண்டியும் உருளும், அதனால் கட்டை இல்லாமல் இதைச் செய்யவே கூடாது. டிரான்ஸ்ஃபரை நியூட்ரலில் போட்டு, மூன்றாவது கியரைப் போட்டு, கிளட்சை மெதுவாக விடுங்கள். இப்போது கியர்பாக்ஸ் சுற்றும், சக்கரத்துக்கு எதுவும் போகாது. பாரம் இல்லாததால் சத்தம் குறைவாகத்தான் இருக்கும். ஆனாலும் ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையைப் பெட்டியில் பேரிங் இருக்கும் இடத்தில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் வைத்தால் எந்த முனை உறுமுகிறது என்று தெரிந்துவிடும். தொங்கும் துணி எதுவும் சுற்றும் ஷாஃப்ட் பக்கம் போகக் கூடாது.

அடுத்தது ஆயில். யார் எதைச் சொன்னாலும் ஆயிலை இறக்கிப் பார்க்காமல் ஒரு முடிவுக்கும் வராதீர்கள். கொஞ்ச தூரம் ஓட்டி, ஆயில் வெதுவெதுப்பானதும் இறக்குங்கள். முதலில் மேலே இருக்கும் ஃபில்லர் பிளக்கைக் கழற்ற வேண்டும். அது துருப்பிடித்து வராமல் போய், நீங்கள் கீழே ஆயிலை ஊற்றி முடித்திருந்தால் வண்டி அங்கேயே நிற்கும். வெளிர் நிறப் பாத்திரத்தில் பிடியுங்கள். டிரெயின் பிளக்கில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருக்கும். விரலில் தேய்த்தால் மாவாகக் கரைந்தால் அது இயல்பான தேய்மானம். விரலில் நெருடினால், ஊசி மாதிரியோ மீன் செதில் மாதிரியோ துண்டுகள் இருந்தால் பேரிங் பாதையோ கியர் பல்லோ உரிகிறது. காந்தத்தில் ஒட்டாத மஞ்சள் மினுமினுப்பு, கியர் விழும்போது வேகத்தை ஒத்துப்போகவைக்கும் சிங்க்ரோ ரிங்கின் தேய்மானம், சில நேரம் குண்டுகளைப் பிடித்துவைக்கும் பேரிங் கூடு. காந்தத்தில் ஒட்டாத வெள்ளித் துகள் நிறைய இருந்தால் அதுதான் மோசமான செய்தி. பேரிங்கின் வெளி வளையமே சுழன்று அலுமினியப் பெட்டியை அராவிக்கொண்டிருக்கலாம். பேரிங் உட்காரும் குழி பெருத்துவிட்டால் புது பேரிங் அங்கே நிற்காது, பெட்டியை மாற்றும் பேச்சு நியாயமாகத் தொடங்குவது அப்போதுதான்.

ஆயில் பால் கலந்த நிறத்தில் வந்தால் தண்ணீர். உங்கள் விஷயத்தில் எனக்கு அந்தச் சந்தேகம் நிறையவே இருக்கிறது. ஓடிச் சூடான பெட்டி ஓடையில் இறங்கியதும் சட்டென்று குளிர்கிறது, உள்ளே இருக்கும் காற்று சுருங்குகிறது, அந்த இழுப்பில் பெட்டி மூச்சுவிடும் சின்னத் துவாரமான பிரீதர் வழியாகவோ சீல் ஓரமாகவோ தண்ணீர் உள்ளே போகிறது. கொஞ்சம் தண்ணீர் போதும். குண்டுகள் ஓடும் பளபளப்பான பாதையில் துருப் புள்ளிகள் விழும், ஒவ்வொரு குண்டும் அந்தப் புள்ளியில் இடறி அதைக் குழியாக்கும், குழியின் ஓரம் உரிந்து ஆயிலில் கலந்து அடுத்த பேரிங்கையும் தின்னும். பிரீதரில் ஒரு ஹோஸை மாட்டி இன்ஜின் அறையின் உயரமான இடத்துக்கு ஏற்றிக் கட்டுங்கள், டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் ஆக்ஸில்களுக்கும் அதேபோல. ஆழமான தண்ணீரில் இறங்கிவிட்டு வந்தால் அடுத்த சர்வீஸ்வரை காத்திருக்காமல் ஆயிலைப் பாருங்கள், நிறம் மாறியிருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள்.

சீல் கசிவுக்கும் இதே பெட்டிதான் பதில் சொல்கிறது. பின் ஷாஃப்ட் நுனியில் இருக்கும் இணைப்புத் தட்டான ஃபிளாஞ்சைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கைக்கு ஆட்டம் தெரிந்தால் பேரிங் தளர்ந்திருக்கிறது. ஷாஃப்ட் ஆடும்போது சீலின் உதடு எப்படி அதை ஒட்டி நிற்கும்? எத்தனை சீல் போட்டாலும் கசியும். பிரீதர் சேறு பிடித்து அடைத்திருந்தாலும் உள்ளே அழுத்தம் ஏறி ஆயிலை வெளியே தள்ளும். இரண்டு முறை சீல் மாற்றியவர் இரண்டு முறையும் ஷாஃப்ட்டை ஆட்டிப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். கசிந்து ஆயில் மட்டம் குறைந்தபடி ஓடியிருந்தால் பேரிங் போனதற்கு அதுவே போதுமான காரணம்.

இப்போது புரோக்கரின் பெட்டி. அதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். காட்ட மாட்டார். ரீகண்டிஷன் என்ற பெயரில் வருவதில் பல, வெளியே கழுவிப் பெயின்ட் அடித்து, சீலும் பேக்கிங்கும் மட்டும் மாற்றிய பழைய பெட்டி. உள்ளே அதே தேய்ந்த பேரிங்குகள், சத்தம் கேட்காமல் இருக்கக் கெட்டி ஆயில், சில பேர் கிரீஸையே அடைத்துவிடுவார்கள். மரத்தூள் போட்டு ஊளையை அடக்கி விற்பது பழைய வண்டி வியாபாரத்தில் ரொம்ப நாளாக நடக்கும் வேலை. விற்ற மறுவாரம் அது ஆயில் வழியை அடைத்துக்கொள்ளும். உங்கள் பெட்டியின் வரலாறாவது உங்களுக்குத் தெரியும். எக்ஸ்சேஞ்ச் என்று சொல்லி அதை அவரிடம் கொடுத்துவிட்டால், ஒரு பேரிங் மட்டும் போன நல்ல பெட்டியைக் கொடுத்து என்னவென்றே தெரியாத ஒன்றை வாங்குகிறீர்கள்.

மெக்கானிக்கை முழுக்கக் குறை சொல்ல முடியாது. கம்பெனிகள் பேரிங்கைத் தனியாகக் கொடுக்கத் தயங்கி முழு அசெம்பிளியை நீட்டுகின்றன, பார்ட்ஸ் புத்தகத்தில் தங்கள் சொந்த எண்ணைப் போட்டு உண்மையான பேரிங் எண்ணை மறைக்கின்றன, கியர் ஆயிலை ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று எழுதிவைக்கிறார்கள். யாருடைய ஆயுளுக்கு? சேற்றிலும் தண்ணீரிலும் உழலும் வண்டிக்கு இப்படி எழுதுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. பொறுமையாகப் பிரித்து ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) வைத்துப் பூட்டும் வேலைக்கு நேரம் கொடுக்காத ஒர்க்‌ஷாப்பில் பெட்டியைத் தூக்கி மாற்றுவதுதான் சுலபமான வழியாகிவிடுகிறது.

பெரும்பாலான பேரிங்குகளில் எண் அதன் முகத்திலேயே பொறித்திருக்கும். 6305 என்றால் கடைசி இரண்டு இலக்கத்தை 5-ஆல் பெருக்குங்கள், 25 மில்லிமீட்டர், அது ஷாஃப்ட் நுழையும் துளையின் அளவு. எண் ஒன்றாக இருந்தால் போதாது, பின்னால் வரும் எழுத்தும் ஒன்றாக இருக்க வேண்டும். சி3 என்று இருந்தால் உள்ளே இடைவெளி கொஞ்சம் கூடுதல், பெட்டி சூடாகி விரியும்போது இறுகாமல் இருக்க அது வேண்டும். என்ஆர் என்றால் வெளி வளையத்தில் காடி வெட்டி லாக் ரிங் போட்டிருக்கும். அது இல்லாததைத் தள்ளிவிட்டால் பேரிங் நகர்ந்துவிடும். "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று கடையில் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். போலி பேரிங்குகள் அச்சு அசலாக அதே டப்பாவில் வருகின்றன. டப்பாவைப் பார்த்து நம்பாமல், அந்தக் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் பில்லோடு வாங்குங்கள். ஒரு பேரிங் போயிருந்தாலும் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள், உரிந்த இரும்பு எல்லாவற்றுக்குள்ளும் போயிருக்கும். பூட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். ஷாஃப்ட்டில் ஏற்றும்போது உள் வளையத்தில்தான் அழுத்த வேண்டும். வெளி வளையத்தில் சுத்தியலால் அடித்தால் அந்த அடி குண்டுகள் வழியாகப் பாதையில் பள்ளம் போடும், புது பேரிங் முதல் நாளிலேயே முனகும். நெருப்பைக் காட்டிச் சூடாக்குபவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

ஆயிலுக்கு வண்டிப் புத்தகம் சொல்லும் தரத்தைப் பாருங்கள். ஜிஎல்-4 கேட்டிருந்தால் ஜிஎல்-5 உசத்தி என்று ஊற்ற வேண்டாம், அதில் இருக்கும் கூடுதல் கந்தகச் சேர்மானம் பித்தளை சிங்க்ரோ ரிங்குகளைக் கெடுக்கலாம். கெட்டி ஆயில் சத்தத்தை மறைக்கும், பேரிங்கைக் காப்பாற்றாது. வண்டி சமதளத்தில் நிற்கும்போது ஃபில்லர் துளையின் விளிம்பு வரை ஆயில் இருந்தால் போதும். தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டு ஓட்டும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே தூரம் போவதில்லை, அந்த முறுக்கு முழுவதும் டிரான்ஸ்ஃபர் கேஸில் ஏறும்.

சத்தத்தோடு ஓட்டலாமா என்றால், வீட்டிலிருந்து ஒர்க்‌ஷாப் வரை மெதுவாக, ஆயில் மட்டத்தைப் பார்த்துவிட்டு ஓட்டலாம். மலைப் பாதையும் ஓடையும் வேண்டாம். பேரிங் கூடு உடைந்து ஒரு குண்டு பற்களுக்கு நடுவே போனால் பெட்டி அப்படியே பூட்டிக்கொள்ளும், அந்த நேரத்தில் வண்டி எந்த வேகத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது மற்றதெல்லாம். டோ செய்வதாக இருந்தால் பின் சக்கரத்துக்கு இழுவையைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு இழுக்கச் சொல்லுங்கள். பின் சக்கரம் சுற்றியபடி நியூட்ரலில் இழுத்தால் இந்தவகைப் பெட்டிகளில் கவுண்டர் ஷாஃப்ட் நிற்கும், ஆயிலை மேலே வாரியடிக்க எதுவும் இருக்காது, மேல் பேரிங் காய்ந்து எரியும். பெட்டி எப்படியும் கீழே இறங்குவதால் ரிலீஸ் பேரிங்கையும் பைலட் பேரிங்கையும் அப்போதே மாற்றிவிடுங்கள். கழற்றிய பழைய பேரிங்குகள் அத்தனையையும் உங்களிடமே தரச் சொல்லி எண்ணி வாங்குங்கள்.