அயர்லாந்து கிராமங்களில் கிறிஸ்துமஸ் இரவு ஜன்னலில் மெழுகுவர்த்தி வைப்பது ஏன்? வேறு என்ன வழக்கங்கள் இருந்தன?

பெத்லகேமில் மரியாளுக்கும் சூசையப்பருக்கும் தங்க இடம் கிடைக்கவில்லை அல்லவா? ‘எங்கள் வீட்டுக்கு வரலாம்’ என்று அவர்களுக்குச் சொல்வதுதான் அந்த வெளிச்சம். வழிப்போக்கர்களுக்கும் அதே அழைப்புதான்.

டிசம்பர் 24 இருட்டியதும், பெரும்பாலும் வீட்டின் கடைக்குட்டிதான் அதை ஏற்றும். விளக்குத்தண்டெல்லாம் கிடையாது. ஒரு டர்னிப் கிழங்கைக் குடைந்து, பெரிய மெழுகுவர்த்தியை அதில் நட்டு, சிவப்புப் பழம் வைத்த ஹாலி கொப்புகளைச் சுற்றிலும் செருகுவார்கள். அன்றிரவு கதவைத் தாழிட மாட்டார்கள். சில ஊர்களில், மெழுகுவர்த்தியை அணைக்க மேரி என்ற பெயருள்ளவர்தான் வரவேண்டும்! கத்தோலிக்கம் ஒடுக்கப்பட்ட காலத்தில் தலைமறைவாகத் திரிந்த குருக்களுக்கு இது ரகசிய அடையாளம் என்றும் சொல்வார்கள். சரி, எல்லா ஜன்னலிலும் விளக்கு எரிந்தால் அதில் ரகசியம் ஏது?

1990-ல் குடியரசுத் தலைவரான மேரி ராபின்சன், பிழைப்புக்காக நாட்டைவிட்டுப் போனவர்களின் நினைவாகத் தன் மாளிகை ஜன்னலில் ஒரு விளக்கை எரியவிட்டது இந்த வழக்கத்தை ஒட்டித்தான்.

கிறிஸ்துமஸுக்கு முன்பே வீட்டுக்கு வெள்ளையடித்துவிடுவார்கள். 24 அன்று ஒருசந்தி, இறைச்சி கிடையாது. லிங் என்ற மீனின் கருவாட்டை ஊறவைத்து வேகவைத்து, பாலும் மாவும் வெங்காயமும் சேர்ந்த வெள்ளைக் குழம்போடு, உருளைக்கிழங்கு வைத்துச் சாப்பிடுவார்கள். பிள்ளைகளுக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது என்பதை ஊகிக்கலாம்.

26-ம் தேதி ரென் குருவி நாள்: வைக்கோல் உடையும் முகமூடியுமாக வீடு வீடாகப் பாடிக் காசு வாங்குவார்கள். அப்புறம், ஜனவரி 6 பெண்களின் கிறிஸ்துமஸ். தென்மேற்கு மாவட்டங்களான கார்க், கெர்ரி பக்கம் அன்று அடுப்படி ஆண்கள் பொறுப்பு. பெண்கள் கூடி உட்கார்ந்து கேக்கும் தேநீருமாக அரட்டை அடிப்பார்கள்.