மறைந்த கணவரை நினைத்தால் உங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது எது?

அவருடைய கை. சூரியனுக்குக் கீழே நீட்டிப் பிடித்த கையும், படுக்கைவாட்டில் சேர்த்து வைத்த நான்கு விரல்களும்.

என் வீட்டுக்காரர் லைன்மேன். முப்பது வருடத்துக்கு மேல் மின்கம்பம் ஏறினார். வாரத்தில் ஆறு நாளும் வெயிலிலும் மழையிலும் நிற்கிற மனுஷன், ஞாயிற்றுக்கிழமையாவது வீட்டில் இருப்பார் என்று பார்த்தால் அதுவும் கிடையாது. ஆராதனை முடிந்த கையோடு மலை, ஆறு, காடு என்று கிளம்பிவிடுவார். தோளில் தூண்டில், பையில் பிளாஸ்க், ஓரமெல்லாம் சுருண்டுபோன சின்ன பைபிள். கல்யாணமான புதிதில் இதற்காக நிறையச் சண்டை போட்டிருக்கிறேன். "வேலையில இருக்கும்போது கம்பியைத்தான் பார்க்கிறேன், வானம் கண்ணிலேயே படுறதில்லை. நீயும் வாயேன்" என்றார். சரி, ஒரு தடவை போய்ப் பார்ப்போம் என்று போனேன். அப்புறம் அவர் நோயில் படுக்கும்வரை போய்க்கொண்டே இருந்தேன்.

அந்த விரல் கணக்கை அங்கேதான் கற்றுக்கொடுத்தார். கையை முழுசாக நீட்டி, உள்ளங்கை நம் முகத்தைப் பார்க்கிற மாதிரி மணிக்கட்டை மடக்க வேண்டும். சுண்டுவிரல் தொடுவானத்தில் உட்கார வேண்டும். அங்கிருந்து சூரியனின் அடிப்பக்கம்வரை எத்தனை விரல் கொள்கிறது என்று எண்ண வேண்டும். சூரியன் மறைய விரலுக்குக் கால் மணி நேரம், நான்கு விரலுக்கு ஒரு மணி நேரம் என்பது காடு சுற்றுகிறவர்கள் சொல்லும் கணக்கு. ஆனால் இவர் அதைப் பாதியாக்கிவிடுவார். "சூரியன் நேரா இறங்குற ஊருல இந்தக் கணக்கு சீக்கிரம் கரைஞ்சிடும். மரத்துக்கு அடியில இருட்டு அதுக்கும் முன்னாடியே வந்திடும். நாலு விரல் இருந்தா ரெண்டுன்னு வெச்சுக்கோ, திரும்பு" என்பார். ஒருநாளும் நாங்கள் இருட்டில் மாட்டிக்கொண்டதில்லை.

என் விரல் ஒல்லி, உங்கள் விரல் தடிமன், கணக்கு எப்படி ஒத்துவரும் என்று கேட்டேன். விரல் ஒல்லியாக இருப்பவர்களுக்குக் கையும் பெரும்பாலும் குட்டையாகத்தான் இருக்கும், அதனால் கண்ணுக்குத் தெரியும் அளவு ஏறக்குறைய ஒன்றுதான் என்றார். அதை நான் அப்போது நம்பவில்லை.

கடவுள் நம்பிக்கை அவருக்கு மூச்சு மாதிரி. ஆனால் யாரிடமும் போய்ப் பேசிக்கொண்டிருக்க மாட்டார். கம்பத்தில் ஏறுவதற்கு முன் ஒரு கையை அதன்மேல் வைத்து, ஒரு நிமிஷம் கண்ணை மூடுவார். கம்பம் ஆடுகிறதா என்று பார்க்கிறார் என்றே கூட வேலை செய்தவர்கள் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். அதே மனுஷன் ரப்பர் கையுறையின் வாயைச் சுருட்டிக் காற்றை உள்ளே அடைத்து, விரல்கள் உப்பியதும் கன்னத்தருகே கொண்டுபோவதை வீட்டுத் திண்ணையிலேயே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஊசிமுனை ஓட்டை இருந்தால்கூடக் காற்று கன்னத்தில் படும். லைன் கிளியர், அதாவது கரண்டை நிறுத்தியாச்சு என்ற அனுமதி, வாங்கினாலும் அதோடு விடமாட்டார். கரண்ட் இருக்கிறதா என்று தானே சோதித்து, கம்பியை மண்ணோடு இணைத்து எர்த் போட்ட பிறகுதான் அதைத் தொடுவார். யாரோ ஒருவர் வீட்டு ஜெனரேட்டரைத் தப்பாக இணைத்திருந்தால், செத்த கம்பி என்று நினைத்த கம்பியில் பின்பக்கமாக மின்சாரம் ஏறிவரும். அது டிரான்ஸ்பார்மர் வழியாகத் திரும்பி வரும்போது ஆளைக் கொல்லும் அழுத்தமாகிவிடும்.

"கடவுளை இவ்வளவு நம்புறீங்க, அப்புறம் எதுக்கு இத்தனை சோதனை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நம்புறதாலதான். உயிரைக் கொடுத்தவர் நாளைக்குக் கணக்கு கேட்பார்ல" என்றார்.

புயல் ராத்திரிகள்தான் எனக்குக் கஷ்டம். ஊரே கதவைச் சாத்திக்கொண்டு படுக்கும்போது அவர் கிளம்புவார். நான் மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் நொடிகளை எண்ணிக்கொண்டு படுத்திருப்பேன். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் தூரம் என்பதும் அவர் சொல்லிக்கொடுத்ததுதான். கடைசி இடிச் சத்தம் கேட்டு அரைமணி நேரம் ஆகும்வரை மேலே ஏற மாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அந்த அரைமணி நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்துக்கொண்டே இருப்பேன். மலையேறும்போது தொப்பியைக் கழற்றிவிட்டு அவர் எப்போதும் 121ஆம் சங்கீதத்தைச் சொல்வார். எட்டே வசனம். மலைகளைப் பார்த்துத் தொடங்கும், ஆனால் அடுத்த வசனமே உதவி வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவரிடமிருந்து வருவதாகச் சொல்லும். அந்த வித்தியாசத்தை எனக்கு எடுத்துக்காட்டியவர் அவர்தான். காக்கிறவர் உறங்குவதில்லை என்றும் அதில் வரும். புயல் ராத்திரிகளில் நான் பிடித்துக்கொண்டது அந்த ஒரு வரியைத்தான்.

கம்பம் அவரை ஒன்றும் செய்யவில்லை. கணையத்தில் புற்றுநோய். தெரிந்தபோதே முற்றியிருந்தது, ஐந்து மாதம்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று, திரைச்சீலையை ஒதுக்கிவிடச் சொன்னார். வலி அதிகமான நாட்களில் சங்கீதத்தை நான் சொன்னேன், அவர் உதட்டை மட்டும் அசைத்தார்.

"அவர் நல்ல இடத்துக்குப் போயிட்டார்" என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். எனக்கு அதைக் கேட்கவே பிடிக்கவில்லை. அது பொய் என்று நினைத்ததால் இல்லை. அந்த நல்ல இடம் என் பக்கத்தில் இல்லையே என்றுதான் தவித்தேன். துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் தயவுசெய்து முதல் மாதத்தில் அதைச் சொல்லாதீர்கள், கூட உட்கார்ந்திருங்கள், போதும். நான் கடவுளிடம் கோபப்பட்டேன், கோவிலுக்கே போகாமல் பல மாதம் இருந்தேன். இன்றும் அவருக்கு இருந்த அளவு நம்பிக்கை எனக்கு இல்லை. இருக்கிறதை விடாமல் வைத்திருக்கிறேன்.

இரண்டு வருடம் அவருடைய தூண்டிலைத் தொடவில்லை. நரம்பின் நுனியில் கொக்கி அப்படியே இருந்தது, அவர் போட்ட கடைசி முடிச்சோடு. ஐந்து சுற்று, அடுக்கி வைத்த மாதிரி. அதை வெட்ட மனசு வரவில்லை. ஆனால் நைலான் நரம்பு வெயில் பட்டும் நாள்பட்டும் பலம் இழக்கும், வருடா வருடம் மாற்றிவிடுவார். அறுந்தால் மீன் வாயில் கொக்கியோடு அலையும், அது பாவம் என்பார். போன மாதம் பேத்தி லீவுக்கு வந்தபோது அந்த நரம்பை வெட்டினேன். முடிச்சு இருந்த துண்டை மட்டும் அவருடைய பைபிளுக்குள் வைத்தேன். புது நரம்பு சுற்றி, முடிச்சுப் போட்டு, இறுக்குவதற்கு முன் வாயில் வைத்து நனைத்தேன். காய்ந்த நரம்பை இழுத்தால் உரசும் சூட்டில் அந்த இடமே பலவீனமாகிவிடும். இதுவும் அவர் சொன்னதுதான்.

சாயங்காலம்வரை ஆற்றோரம் உட்கார்ந்திருந்தோம். ஒரு சின்ன மீன் கிடைத்தது, பேத்தியே விட்டுவிட்டாள். வெயில் சாய்ந்ததும் நான் கையை நீட்டினேன். அவளும் பார்த்துவிட்டு நீட்டினாள். அவளுக்கு ஆறு வயசு, என் கையில் பாதிகூட இருக்காது அவள் கை.

எனக்கு மூன்று விரல் வந்தது.

"பாட்டி, எனக்கும் மூணு!"

"அப்போ ஒன்றரைன்னு வெச்சுக்கோ" என்றேன். தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினோம்.