தொந்தரவே இல்லையே, பரிசோதனை எதற்கு?

கேள்வி: வயது 34. எச்.ஐ.வி.க்கு 6 ஆண்டுகளாக ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடுகிறேன், வைரஸ் கட்டுக்குள் இருக்கிறது. கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்குப் போகச் சொல்கிறார்கள். ஒரு தொந்தரவும் இல்லாதபோது எதற்கு? விஷயம் வெளியே தெரிந்துவிடுமோ என்றும் பயம்.
- பெயர் வேண்டாம், திண்டுக்கல்.

பதில்: தொந்தரவு இல்லாதபோதுதான் போக வேண்டும், சகோதரி. ரத்தப்போக்கு என்று வந்து நிற்பவர்களில் பலருக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் முற்றியிருக்கும். அவர்களைப் பரிசோதிக்கும்போது எனக்கே கை ஓய்ந்துவிடும்.

இந்தப் புற்றுநோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்ற வேறொரு வைரஸ். எச்.ஐ.வி. உள்ள உடல் அதை எளிதில் விரட்டாது. அதனால் ஆபத்து மற்றப் பெண்களைவிட சுமார் 6 மடங்கு. மாத்திரை அதைக் குறைக்கும், துடைத்துவிடாது. மற்றவர்கள் 30 வயதில் பரிசோதனையைத் தொடங்கினால் போதும்; உங்களுக்கு 25 என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆக, மாத்திரை தொடங்கியதிலிருந்து கணக்கிட்டாலே 6 ஆண்டு தாமதம்! எச்.பி.வி. பரிசோதனை என்றால் 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை.

எளிய முறை ஒன்றும் உண்டு. நீர்த்த அசிட்டிக் அமிலத்தை (வினிகரின் அதே புளிப்பு வாடைதான்) பஞ்சில் தோய்த்துக் கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் காத்திருப்போம். மாற்றம் உள்ள இடம் வெள்ளையாகத் தெரியும். லேசாக எரியலாம். வெள்ளை தெரிந்தாலே புற்றுநோய் என்று அலறாதீர்கள். அதற்கு முந்தைய நிலையாக இருக்கலாம், அப்படியென்றால் சிறு சிகிச்சையில் அகற்றிவிடலாம். மாதவிடாய் நாட்களில் மட்டும் போக வேண்டாம்.

உங்கள் சம்மதமின்றி எச்.ஐ.வி. நிலையை வெளியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆனால் பரிசோதிக்கும் மருத்துவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அடுத்து எப்போது வர வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் அவர் முடிவுசெய்வார்.