முழங்காலை மடக்கித் தூக்கினால் இடுப்பு தப்பிக்குமா?

25 கிலோ அரிசிச் சிப்பம் தூக்கும்போதெல்லாம் இடுப்பில் சுருக்கென்று பிடிக்கிறது, முதுகை நேராக வைத்து முழங்காலை மடக்கித் தூக்கச் சொல்கிறார்கள், அது போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மளிகைக் கடை வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

போதாதுங்க. சிப்பம் உங்கள் வயிற்றிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. முழங்கால் அதற்கு அப்புறம்.

நான் டாக்டர் இல்லை. ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். அப்பா இதே வட்டாரத்தில் 31 வருடம் மூட்டை சுமந்தவர். இந்தப் பேச்சு எங்கே வந்தாலும், "லோடுமேன்களுக்குத் தூக்கத் தெரியாது, அதனால்தான் முதுகு போகிறது" என்று ஒருவர் சொல்லிவிடுகிறார். அதைக் கேட்டுவிட்டு என்னால் சும்மா போக முடியாது. ஏனென்றால் எங்கள் வீட்டில் முதுகு போனது எனக்கு. அதுவும் ஒரு தண்ணீர் கேனால்.

ஏழு வருடம் இருக்கும். காலை ஆறு மணிக்கு எழுந்த கையோடு, வேனின் பின்கதவைத் திறந்து, சீட்டுக்குப் பக்கத்தில் தள்ளிக் கிடந்த 20 லிட்டர் கேனை எட்டிப் பிடித்து, அப்படியே இடப்பக்கம் திரும்பினேன். பச்சைக் குச்சியை முறித்த மாதிரி ஒரு சத்தம் எனக்குள் கேட்டது. கேன் ரோட்டில் உருண்டு போனது. நான் பம்பரைப் பிடித்துக்கொண்டு நின்றேன், நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. ஸ்கேனில் நான்காவது, ஐந்தாவது இடுப்பு எலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் பிதுங்கியிருந்தது.

அப்பா கட்டிலருகே வந்து நின்று முதலில் கேட்டது, "கேனு எட்டத்துல இருந்துதா?" என்றுதான். "கண்ணு, எட்டிப் புடிச்சுத் தூக்காத. நீ கிட்டப் போ, இல்லீனா அதக் கிட்ட இழு" என்றார். படுத்துக் கிடந்த ஏழு வாரத்தில் நான் தேடித் தேடிப் படித்ததெல்லாம் அந்த ஒரு பேச்சுக்கு விளக்கமாகத்தான் இருந்தது.

என் அப்புச்சி (அம்மாவின் அப்பா) வீட்டில் புளி நிறுக்க வெள்ளிக்கோல் வைத்திருந்தார்கள். குட்டைப் பக்கம் புளி மூட்டை தொங்கும். நீளப் பக்கத்தில் சின்னக் குண்டை நகர்த்திக்கொண்டே போனால் மூட்டை மேலே வரும். நம் இடுப்பும் அதே கோல்தான், ஆனால் அதில் நாம் குட்டைப் பக்கம் இருக்கிறோம். முதுகெலும்பை ஒட்டிப் பின்னால் இழுக்கும் தசைக்கு டிஸ்கிலிருந்து கிடைக்கும் தூரம் சுமார் 5 செ.மீ. கை நீட்டிப் பிடித்த என் கேன் அதே டிஸ்கிலிருந்து 60 செ.மீ. முன்னால் இருந்தது. 20 கிலோவைச் சமாளிக்கத் தசை இழுக்க வேண்டியது 240 கிலோ. குனிந்திருக்கும் மேலுடம்பின் எடை அதற்கு மேல் தனி. அத்தனையும் டிஸ்கைத்தான் நசுக்கும். அதே கேனை வயிற்றோடு அணைத்து 25 செ.மீ.க்குக் கொண்டுவந்திருந்தால் 100 கிலோதான்.

1999-இல் ஜெர்மனியின் உல்ம் நகரத்தில் வில்கே என்பவரும் உடன் இருந்தவர்களும் ஒருவரின் இடுப்பு டிஸ்குக்குள்ளேயே கருவி வைத்து அழுத்தத்தை அளந்தார்கள். சும்மா நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல். முதுகை வளைத்து 20 கிலோ தூக்கியபோது 2.3. முழங்காலை மடக்கித் தூக்கியபோது 1.7. அதையே உடம்போடு ஒட்டிப் பிடித்து நின்றபோது 1.1. ஒரே ஆளிடம் அளந்ததுதானே என்று கேட்பீர்கள், சரி. ஆனால் வெள்ளிக்கோல் கணக்கும் அதே பக்கம்தான் சொல்கிறது. முழங்காலை மடக்கினாலும் சிப்பம் முழங்காலுக்கு முன்னால் போய்விட்டால் தூரம் கூடிவிடும். அதனால் கால்களை அகட்டி, சிப்பத்தை நடுவில் இழுத்துக்கொண்டு, அப்புறம் எழுந்திருங்கள். திரும்ப வேண்டுமென்றால் பாதத்தோடு திரும்புங்கள். இன்னொன்று, இரவெல்லாம் படுத்திருக்கும்போது டிஸ்க் நீரை இழுத்து உப்பியிருக்கும், காலையில் குனிந்தால் அதற்குக் கஷ்டம் அதிகம். சரக்கு விடியற்காலையில் வந்தால் கொஞ்ச நேரம் நடமாடிவிட்டு இறக்குங்கள்.

இப்போது மூட்டை சுமக்கிறவர்களைக் கவனியுங்கள். 65 கிலோ மஞ்சள் மூட்டையை அப்பா தரையிலிருந்து தனியாக எடுத்ததே இல்லை. இரண்டு பேர் கொக்கி போட்டு இருபக்கமும் ஏற்றுவார்கள். அவர் முதுகைக் காட்டிக் கொஞ்சம் சாய்வார். பிடரிக்கும் தோள்பட்டைக்கும் நடுவில், துண்டின் மேல் மூட்டை உட்காரும். ஒரு குலுக்குக் குலுக்கிச் சரிசெய்துகொண்டு குறுங்காலடி வைத்து, மூட்டைகளை அடுக்கியிருக்கும் அட்டிக்குப் போவார். எடை நேராக இடுப்பு வழியாகப் பாதத்துக்கு இறங்குகிறது. முன்னால் தூரம் என்பதே இல்லை. இதைத் தூக்கத் தெரியாதவர்கள் என்று சொல்லலாமா?

அதற்காக அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல வரவில்லை. கழுத்தும் முழங்காலும் தேய்ந்துதான் இருக்கின்றன. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே ஆணுக்கு 55 கிலோவுக்கு மேல் வேண்டாம் என்று பரிந்துரைத்தது. எங்கள் மூட்டை அதற்கும் 10 கிலோ அதிகம்.

கேட்டதற்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் எழுதிவிடுகிறேன். அறுபது வயது வரை அப்பாவை மண்டியில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏ லோடு, இங்க வா" என்பார்கள். அவர் தோளில் வைத்து வளர்த்த முதலாளி மகனும் பெரியவனான பிறகு அப்படித்தான் கூப்பிட்டான். டீ வாங்க நான் போகும் கடையில் இன்றைக்கும் அந்தக் குரல் கேட்கிறது. பேர் கேட்டுக் கூப்பிட எவ்வளவு நேரம் ஆகும்?

சரி, உங்கள் விஷயம். இடுப்பு வலி மட்டும் என்றால் பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கும், எனக்கு ஆபரேஷன் இல்லாமலே சரியானது. ஆபரேஷனே கூடாது என்று சொல்லவில்லை, தேவைப்படுகிறவர்களுக்கு அது தேவைதான். கால் பலம் குறைந்தால், தொடை இடுக்கு மரத்துப்போனால், சிறுநீர் கழிப்பதில் மாற்றம் தெரிந்தால் மட்டும் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.