பக்கத்து வளவின் முறைப்பாடும் உங்கள் கூட்டின் ஈரமும்

கேள்வி: ஐயா, விசுவமடுவில் கால் ஏக்கர் வளவில் இருக்கிறோம். 22 பேடும் 5 சேவலும் நிற்கின்றன, எல்லாம் ஊர்க்கோழி. முட்டைக் காசில்தான் பிள்ளைகளின் ரியூசன் காசு கட்டுகிறேன். மழை தொடங்கினதில் இருந்து பக்கத்து வளவுக்காரர் ஒரே சண்டை. விடியப்புறம் 3 மணிக்கே சேவல் கூவுதாம், மணமாம், இலையானாம், தங்கள் மகனுக்கு மூச்சு முட்டு கூடுதாம். போன கிழமை கோழிகள் வேலிக்குள்ளால் போய் அவருடைய மிளகாய் நாற்றுமேடையைக் கிளறிப்போட்டன. இப்போது கிராம அலுவலரிடம் முறைப்பாடு கொடுத்துவிட்டார். ஊருக்குள் கோழி வளர்க்க எனக்கு உரிமை இல்லையா? இரண்டு பேட்டுக்குக் கண்ணில் நீர் வடிகிறது, அதற்கும் ஒரு மருந்து சொல்லுங்கள்.

பதில்: தங்கச்சி, போகிற போக்கில் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்களே, கண்ணில் நீர் வடிகிறது என்று, நான் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இன்றைக்குப் பொழுதுபட்டு, கோழிகள் அடைந்த பிறகு, கூட்டுக் கதவைத் திறந்து குந்தியிருங்கள். உங்கள் முகத்தைக் கோழியின் தலை உயரத்துக்கு இறக்கி ஒரு நிமிடம் மூச்செடுங்கள். நின்றபடி மணந்தால் பிடிபடாது. தினமும் அந்த மணத்துக்குள் நிற்கிறவரின் மூக்கு பழகிவிடும், பக்கத்து வளவுக்காரரின் மூக்கு பழகாது. கண் எரிகிறதா, மூக்குக்குள் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறதா? அதுதான் அமோனியா. கோழி எச்சத்தில் உள்ள யூரிக் அமிலம் ஈரத்தில் கிருமிகளால் உடைந்து அமோனியாவாகிறது. காற்றில் அது பத்து இலட்சத்தில் 25 பங்குக்கு மேல் போனால் கோழியின் கண்ணும் மூச்சுக்குழலும் புண்படும். உங்கள் பேடுகள் அந்தக் காற்றுக்குள் இரவு முழுக்க நிற்கின்றன. முட்டுக்காரப் பிள்ளைக்கு அந்த மணமும் கூட்டுத் தூசும் கூடாது. ஆகவே அவர் வீண்சண்டைக்கு நிற்கிறார் என்று எடுக்க வேண்டாம். உங்கள் கோழிகள் கண்ணால் சொல்கிற முறைப்பாட்டைத்தான் அவர் வாயால் சொல்கிறார்.

மழை தொடங்கினதில் இருந்து என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் காரணம் கிடக்கிறது. மீள்குடியேறிய காலத்தில் வாழ்வாதார உதவியாகக் கிடைத்த கூடுகள் கொஞ்சநஞ்சமல்ல, நான் பார்த்திருக்கிறேன். தகரம் கட்டை, தாழ்வாரம் ஒரு சாண்கூட இல்லை. வாடையோடு சாரல் அடித்தால் நேரே உள்ளே. உங்களுடையதும் அப்படியென்றால் முதல் வேலை, வடகிழக்குப் பக்கம் தாழ்வாரத்தைக் கிடுகு கட்டி 2 அடி வெளியே இழுப்பது. கூட்டைச் சுற்றிச் சிறு வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிடுங்கள், கிணற்றுப் பக்கம் மட்டும் வேண்டாம். தண்ணீர்ச் சட்டியை 2 செங்கல்லின் மேல் வையுங்கள். கோழி தட்டிக் கொட்டுகிற தண்ணீரும் மழையைப்போல ஒரு ஈரம்தான்.

பிறகு நனைந்த உமியை முழுக்க வழித்து அள்ளிவிட்டுக் காய்ந்த உமியை 4 அங்குலத்துக்குப் போடுங்கள். அரிசி ஆலைக்குப் போனால் உரப்பையில் அள்ளிக்கொண்டு வரலாம். ஒருநாள் விட்டொருநாள் முள்ளுக்கத்தியால் கிளறிக்கொடுங்கள். உள்ளங்கையில் ஒரு பிடி உமியை இறுக்கிப் பாருங்கள். கையைத் திறந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் சரி. உருண்டையாகவே இருந்தால் ஈரம் கூட, அந்த இடத்தை மட்டும் அள்ளி மாற்றுங்கள். 27 கோழிக்குக் கூட்டுக்குள் ஒன்றுக்கு 2 சதுர அடிப்படி 54 சதுர அடி வேண்டும். அதாவது 9 அடி நீளம், 6 அடி அகலம். அதைவிடச் சின்னக் கூடென்றால் எந்த உமியும் தாக்குப்பிடிக்காது.

சுண்ணாம்பு தூவச் சொல்லி யாராவது சொல்லுவார்கள். நானே சொல்லியிருக்கிறேன். வேலைக்கு வந்த புதிதில் ஒரு அம்மாவின் கூட்டில் ஈர எச்சத்தின் மேல் சுண்ணாம்பைக் கொட்டச் சொன்னேன். அன்று பின்னேரம் ஒழுங்கை முழுக்க மூக்கைப் பொத்திக்கொண்டு திரிந்தது. சுண்ணாம்பு காரம், ஈர எச்சத்தில் பட்டால் உள்ளே கிடக்கிற அமோனியாவை ஒரேயடியாகக் கிளப்பிவிடும். எல்லாம் அள்ளிக் கழுவிக் காய்ந்த வெறும் தரையில் பூசலாம், புது உமி போட முதல்.

இலையானுக்குத் தனி மருந்து தேவையில்லை. எங்கள் வெக்கைக்கு முட்டையில் இருந்து முழு இலையான் ஆக 7 தொடக்கம் 10 நாள் செல்லும். கிழமைக்கு 2 தரம் ஈர எச்சத்தை அள்ளினால் அந்தச் சுற்று அறுந்துவிடும். அள்ளியதை வேலியோரம் குவித்து வைத்தால் இலையான் வளவு மாறியதுதான் மிச்சம். குழியில் போட்டு, சருகும் உமியும் கலந்து, மழை படாமல் தகரத்தால் மூடுங்கள். சிந்திய தீனை இரவில் விடாதீர்கள். தீனுக்கு எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். குறுணல் மூட்டையை மூடியுள்ள பரலுக்குள் வையுங்கள்.

இனிச் சேவல். வெளிச்சத்தைக் கண்டுதான் சேவல் கூவுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். யப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் 2013இல் சேவல்களை ஒரே மங்கல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்கள். அப்போதும் நேரம் தவறாமல் கூவின. மணிக்கூடு அதன் உடம்புக்குள்ளேயே ஓடுகிறது. அதனால் சாக்கால் மூடினால் கூவாது என்ற கதையை நம்ப வேண்டாம். 2015இல் அதே ஆய்வாளர்கள் இன்னொன்றையும் காட்டினார்கள்: கூட்டத்தில் மற்றவற்றை அடக்கி நிற்கிற தலைமைச் சேவல்தான் முதலில் கூவும், மற்றவை வரிசைப்படி பின்பற்றும். 5 சேவல் நின்றால் ஒன்று தொடங்க ஐந்தும் முடிக்கும்.

22 பேட்டுக்கு 2 சேவல் தாராளம். முட்டை விற்க மட்டுமென்றால் ஒன்றுமே தேவையில்லை. சேவல் இல்லாமலும் பேடு முட்டையிடும், அடைவைக்கத்தான் சேவல் வேண்டும். சேவலைப் பிரித்த பிறகும் ஒரு கிழமைக்குக் குறையாமல் கருமுட்டை வரும். அதனால் அடைவைக்கிற காலத்தில் தெரிந்த வீட்டில் ஒரு சேவலை இரவல் வாங்கிக்கூடச் சமாளிக்கலாம். என் புத்திக்கு மூன்றை இந்தக் கிழமையே விற்றுவிடுங்கள், சும்மா நிற்கிற சேவல் தீனைத்தான் தின்கிறது. மிச்சம் 2 சேவலையும் இரவில் காற்றோட்டமுள்ள, கூரை பதிந்த பெட்டியில், அவர்களின் படுக்கையறைக்கு எதிர்ப்பக்கம் அடையுங்கள். கழுத்தை நிமிர்த்த முடியாவிட்டால் முழுக் குரலில் கூவ வராது. வெளிச்சம் வந்ததும் பெட்டியைத் திறந்து கூட்டுக்குள் விட மறக்க வேண்டாம்.

நாற்றுமேடை விசயத்தில் உங்கள் பக்கம் நியாயமே இல்லை. கோழி வளர்க்க உரிமை உண்டு, அடுத்தவரின் நாற்றைக் கிளற உரிமை இல்லை. முட்கம்பி வேலி மாட்டுக்குத்தான், கோழிக்கு அது திறந்த படலை. அடியில் ஒன்றரை அடிக்குக் கிடுகு, அதன் மேல் முல்லைத்தீவுக் கரையில் கழித்துவிட்ட பழைய மீன்வலை. அதையும் தாண்டிப் பறக்கிறவற்றுக்கு ஒரு பக்கச் சிறகை மட்டும் விரித்து, வெளிநுனியில் இருக்கிற 10 நீள இறகுகளைப் பாதிக்கு வெட்டுங்கள். நகம் வெட்டுவதுபோலத்தான், நோகாது. இறகின் தண்டு கருநீலமாக இருந்தால் உள்ளே இரத்தம் ஓடுகிறது, அதைத் தொடாதீர்கள். இறகு உதிர்த்து முளைத்ததும் திரும்ப வெட்ட வேண்டும். சிறகு வெட்டிய கோழி நாய்க்கும் மரநாய்க்கும் தப்பிப் பறக்காது, பொழுதுபட முதல் அடைத்துவிடுங்கள்.

திறந்துவிடுகிற நேரத்தையும் மாற்றுங்கள். பேடு கூடுதலாக முற்பகலில்தான் முட்டையிடும். அதுவரை உள்ளே நின்றால் முட்டை அடுத்தவரின் வைக்கோல் போருக்குள் போகாது. பின்னேரம் 3 மணிக்குத் திறந்து, ஆறு மணிக்குக் குறுணல் போட்டுக் கூப்பிடுங்கள், இரண்டு கிழமையில் பழகிவிடும். பகலில் அடைத்து வைக்கிறதால் தவிடும் முருங்கையிலையும் கொஞ்சம் கூடப் போட வேண்டிவரும். அந்தச் செலவைத் தாங்கத்தான் வேண்டும்.

முறைப்பாடு பற்றி. கிராம அலுவலர் கூப்பிட்டால் போங்கள். அவருக்குத் தண்டிக்கிற அதிகாரம் இல்லை, ஆனால் விசயம் அவரோடு நின்றால் உங்களுக்கு நல்லது. பி.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்து பார்க்கலாம். பொதுத்தொல்லை என்று நீதவான் நீதிமன்றம் மட்டும் போனால், 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின்படி கூட்டை அகற்றச் சொல்லிக் கட்டளை வரலாம். அதற்கு முதல் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த இணக்கசபை இருக்கிறது. சட்டத்தரணி பிடிக்கத் தேவையில்லை, இரண்டு பேரையும் இருத்திக் கதைப்பார்கள்.

ஆனால் இவ்வளவும் தேவைப்படாது என்றுதான் நினைக்கிறேன். கூட்டைக் காயவைத்து, சேவலை விற்று, வேலியை அடைத்த பிறகு அவரிடம் போங்கள், முதல் அல்ல. வெறும் மன்னிப்போடு போனால் அடுத்த மழையோடு அது கரைந்துவிடும். நாற்றுக்கு என்ன காசு என்று நீங்களாகவே கேளுங்கள். மிளகாய்க்காரர்தானே, இரண்டு மாதம் மக்கிய கோழிப் பசளை ஒரு மூட்டை கொடுங்கள். 2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்தபோது இதே பசளைக்காக எத்தனை பேர் கோழிக்கூடு கோழிக்கூடாக அலைந்தார்கள் என்று அவருக்குத் தெரியாமல் இராது. பச்சையாகக் கொடுத்துவிடாதீர்கள். சூட்டில் செடி கருகும், பிறகு புதுச் சண்டை.

அந்த இரண்டு பேட்டையும் இன்றே பிரித்து, காய்ந்த இடத்தில் கரப்பின் கீழ் விடுங்கள். கண்ணை ஆறவைத்த வெந்நீரால் துடையுங்கள். ஒரு கிழமையில் நீர் நின்றால் அமோனியாதான் காரணம். முகம் வீங்கினால், மூக்கால் சளி வந்தால், மூச்சில் இரைச்சல் கேட்டால் அது தொற்று. கடையில் மாத்திரை வாங்கிக் கரைத்துக் கொடுக்காமல், கோழியை உரப்பையில் அல்ல, பெட்டியில் வைத்து அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள். போகிற கையோடு ராணிக்கெட் என்கிற கோழிக் கொள்ளைநோய்க்குத் தடுப்பூசி எப்போது போடுகிறார்கள் என்றும் கேட்டுக்கொண்டு வாருங்கள்.