எங்கள் திகில் கேமின் அட்டைப்படம் எப்படி இருக்கிறது? பயமாக இருக்கிறதா, வெறும் இருட்டாக இருக்கிறதா?

நேராகவே சொல்லிவிடுகிறேன். படத்தை நன்றாக வரைந்திருக்கிறீர்கள். ஆனால் அது இன்னும் அட்டையாக ஆகவில்லை.

கேள்வியைப் படிக்காமல் நேரே பதிலுக்கு வருபவர்களுக்காக ஒரு சுருக்கம். மூன்று பேர் சேர்ந்து செய்யும் கேம் இது. கைவிடப்பட்ட ஒரு சுரங்க விண்நிலையத்தில் பராமரிப்புத் தொழிலாளி ஒருத்தி தனியாக மாட்டிக்கொள்கிறாள், காற்று தீர்ந்துகொண்டே வருகிறது. அட்டையின் நடுவில் விண்வெளி உடையில் அவள், கையில் டார்ச். பின்னால் சிவப்புக் கிரகம். தலைக்கு மேலே பல்லும் கொடுக்குமாக வாயைப் பிளந்து நிற்கும் ஒரு பிராணி. ஒரு மூலையில் உடைந்த நிலையம், இன்னொரு மூலையில் வெடிப்பு. கீழே துருப்பிடித்த எழுத்தில் கேமின் பெயர், அதற்கும் கீழே ஒரு விமர்சகரின் பாராட்டு வரி.

இவ்வளவையும் பார்த்து முடித்ததும் எனக்குத் தெரிந்துகொள்ள எதுவும் மிச்சமில்லை. யார் மாட்டிக்கொண்டாள், எங்கே, எதனிடம், கடைசியில் என்ன வெடிக்கும் என்பது வரை படமே சொல்லிவிட்டது.

2008-ல் வந்த டெட் ஸ்பேஸின் அட்டையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். விண்வெளியில் மிதக்கும் துண்டிக்கப்பட்ட ஒரு கை. அந்த கேமுக்குள் நெக்ரோமார்ஃப் என்ற அருவருப்பான உருவங்கள் கணக்கில்லாமல் வருகின்றன, ஒன்றைக்கூட முன்னட்டையில் போடவில்லை. கதாநாயகன் ஐசக்கையும் போடவில்லை. யாருடைய கை, எது வெட்டியது, மீதி உடல் எங்கே என்று நாமே கேட்டுக்கொள்கிறோம். விளையாடத் தொடங்கிய பிறகு இன்னொன்றும் பிடிபடும். அங்கே எதிரியின் தலையைக் குறிவைத்துச் சுடுவதில் பெரிய பயனில்லை, கைகால்களை வெட்ட வேண்டும். முதலில் கையில் கிடைக்கும் ஆயுதமே பிளாஸ்மா கட்டர் என்ற சுரங்க வெட்டுக் கருவிதான். பயமுறுத்தியது போக, விளையாடும் முறையையும் அந்தக் கை முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறது. இந்த வகை கேம்களில் இதைவிடச் சிறந்த அட்டையை நான் பார்த்ததில்லை.

அதற்காக ராட்சசனைக் காட்டவே கூடாது என்று சொல்ல வரவில்லை. 2007-ன் பயோஷாக் காட்டியது. பழங்காலத்து முக்குளிப்பு உடையும் துளைபோடும் கருவியுமாக ஒரு பெரிய உருவம் முன்னால் நிற்கும். ஆனால் அதன் பக்கத்தில் ஒரு சிறுமி. அவளை விரலால் மறைத்துவிட்டுப் பாருங்கள், வெறும் பூதம்தான் மிஞ்சும். விரலை எடுத்தால், இது அவளைக் காப்பாற்றுகிறதா, பிடித்துவைத்திருக்கிறதா என்ற சந்தேகம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. உங்கள் பிராணிக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் அப்படி எந்த உறவும் இல்லை. அது கடிக்கப் போகிறது, அவள் கடிபடப் போகிறாள், அவ்வளவுதான்.

நிறைய உருவங்களை அடைத்த அட்டைகளும் ஜெயித்திருக்கின்றனவே என்று கேட்டிருந்தீர்கள். உண்மைதான். 1993-ல் வந்த டூமின் அட்டை டான் இவான் பன்சாட்ஸ் வரைந்த ஓவியம். நடுவில் ஒரு வீரன் சுட்டுக்கொண்டிருக்க, சுற்றிலும் பேய்கள் மொய்க்கும். அந்த வீரனுக்கு போஸ் கொடுத்தது தான்தான் என்று கேமை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் ரொமெரோவே பின்னாளில் எழுதினார். அங்கே கூட்டம் பொருந்துகிறது, ஏனென்றால் அந்த கேமே கூட்டத்துக்கு நடுவில் நின்று சுடுவதுதான். உங்கள் கேமின் உயிர் தனிமை. அரை மணி நேரம் ஒரு குரல்கூடக் கேட்காது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அட்டையோ சந்தைக்கடை மாதிரி இரைகிறது.

துப்பாக்கியும் வெடிப்பும் இருந்தால்தான் விற்கும் என்று உங்கள் நண்பர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அதை நான் தள்ளிவிட மாட்டேன். 2013-ன் பயோஷாக் இன்ஃபினிட் அட்டையில் துப்பாக்கி ஏந்திய ஆண் ஒருவனைப் போட்டபோது ரசிகர்கள் கொதித்தார்கள். கேம்களைத் தீவிரமாகப் பின்தொடராதவர்களின் கண்ணிலும் பட வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்ததாக அதன் படைப்பாளி கென் லெவின் விளக்கம் சொன்னார். கடைசியில் ரசிகர்களை ஓட்டுப் போட வைத்து, அவர்கள் தேர்ந்தெடுத்த வேறொரு படத்தை அதே தாளின் மறுபக்கத்தில் அச்சிட்டார்கள், வேண்டியவர்கள் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். 2016-ன் டூமுக்கும் இதே கதைதான். கடை அலமாரியில் ஆயிரக்கணக்கில் அடுக்கும் நிறுவனத்துக்கு அந்தக் கணக்கு சரியாக இருக்கலாம். மூன்று பேர் செய்யும் கேமைத் தேடி வருபவர் வேறு ஆள். வழக்கமான அட்டைகளைப் பார்த்து அலுத்துப்போய்த்தான் அவர் உங்கள் பக்கம் வருகிறார்.

அடுத்தது இருட்டு. நான் அதிகம் பேச விரும்புவது இதைப் பற்றித்தான். உங்கள் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தேன். கிரகம் காணாமல் போய்விட்டது. வண்ணத்தில் அவ்வளவு பளிச்சென்று இருந்த சிவப்பு, சாம்பலில் வானத்தின் கறுப்போடு கரைந்துவிட்டது. சிவப்பின் குணம் அப்படி. கண்ணைச் சுண்டி இழுக்கும், ஆனால் அதில் வெளிச்சம் குறைவு. திரையில் சுத்தமான பச்சை தருவதில் மூன்றில் ஒரு பங்குகூடச் சுத்தமான சிவப்பு தராது. துரு நிறத்தில் எழுதிய தலைப்பும் அதே காரணத்தால் மங்கிவிட்டது. மிஞ்சியவை இரண்டே இரண்டு வெள்ளைப் புள்ளிகள். ஒன்று டார்ச், இன்னொன்று மூலையில் இருக்கும் வெடிப்பு. வெடிப்பு பெரியது என்பதால் கண் முதலில் அங்கே ஓடிவிடுகிறது. உங்கள் கதாநாயகியை யாரும் பார்ப்பதே இல்லை.

இருட்டான படம் என்றால் எல்லாவற்றையும் கறுப்பாக்குவது இல்லை. எங்கே ஒரே ஒரு வெளிச்சத்தை விடுகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. மற்ற இடங்களில் கறுப்புக்குள்ளேயே மூன்று நான்கு படிகள் தெரிய வேண்டும், அப்போதுதான் அங்கே ஏதோ இருக்கிறது என்று கண் துழாவும். முழுக் கறுப்பில் துழாவ ஒன்றுமில்லை.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். வரையத் தொடங்கிய காலத்தில் அறை விளக்கை அணைத்துவிட்டு, மானிட்டரின் பிரகாசத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு வரைவேன். ஒரு விண்கலத்தின் உட்புறம், சுவர் முழுக்கக் குழாய்கள், கம்பிகள், கசிந்து வழியும் எண்ணெய் என்று மூன்று நாள் உட்கார்ந்து போட்ட படம் அது. அச்சாகி வந்தபோது அந்தச் சுவர் ஒரே மைத்திட்டாக இருந்தது. தாளைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன், ஒரு குழாய்கூடத் தெரியவில்லை. அன்றிலிருந்து பகல் வெளிச்சத்தில்தான் நிழல்களைச் சரிபார்க்கிறேன். பெட்டியோடு விற்கும் எண்ணம் உங்களுக்கும் இருந்தால், மொத்தமாக அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் ஒரு மாதிரிப் படி எடுத்துப் பாருங்கள்.

அளவு விஷயம் சுருக்கமாக. கேம்களை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடையில் லைப்ரரி படம், அதாவது வாங்கிய கேம்களின் பட்டியலில் வரும் படம், 600×900 பிக்சல், செங்குத்து. தேடல் பட்டியலில் வரும் படமோ அகலவாக்கில் 231-க்கு 87 என்ற விகிதம், மொபைலில் அதைவிடச் சிறிதாகத் தெரியும். ஒரே ஓவியத்தை வெட்டி ஒட்டி இரண்டுக்கும் பொருத்தப் பார்க்காதீர்கள். பட்டியலுக்கென்று தனியாக அமைத்துக்கொள்ளுங்கள், அதில் தலைப்பும் ஒரே ஒரு உருவமும் போதும். அந்த அளவில் துருப்பிடித்த எழுத்தின் விரிசல்கள் அழுக்கு மாதிரித்தான் தெரிகின்றன, விரிசல்களை எடுத்துவிட்டு எழுத்தைத் தடிமனாக்குங்கள். விமர்சகரின் பாராட்டு வரியை இந்தப் படங்களில் வைக்கவே முடியாது. மதிப்பெண், விருது, பாராட்டு எதுவும் வரக் கூடாது என்று 2022 செப்டம்பரிலிருந்து ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் விதி வைத்திருக்கிறது.

சரி, என்ன வரையலாம்? அது உங்கள் கேள்வியின் கடைசி வரியிலேயே இருக்கிறது, ஏதோ துணுக்குச் செய்தி மாதிரி போகிற போக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். கேமில் காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்ட எண்ணோ பட்டையோ கிடையாது, காற்று குறையக் குறைய ஹெல்மெட் கண்ணாடியில் ஆவி படியும், பார்வை சுருங்கும் என்கிறீர்கள். படித்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். உங்கள் அட்டை அந்தக் கண்ணாடிதான். அட்டை முழுக்க அந்த ஹெல்மெட், உள்ளே ஆவி படிந்து வெளுத்த கண்ணாடி, ஓரிடத்தில் மட்டும் கொஞ்சம் தெளிவு, அதில் ஒரு கண். வெடிப்பு வேண்டாம், நிலையம் வேண்டாம். கிரகம் வேண்டுமென்றால் கண்ணாடியின் விளிம்பில் ஒரு சிவப்புக் கீற்றாக விழட்டும். வெளுப்பு நடுவில் வருவதால் சிறிய அளவிலும் தெளிவாகத் தெரியும், தலைப்பைக் கீழே இருட்டில் வெள்ளையாகப் போட்டுக்கொள்ளலாம்.

பிராணியை எடுத்துவிட மனசு வராது என்று தெரியும், அதன் கொடுக்குகளுக்கு நீங்கள் எவ்வளவு உழைத்திருக்கிறீர்கள் என்பது கோட்டிலேயே தெரிகிறது. அதை அட்டையில் நேராகக் காட்டாமலே வைத்திருக்க ஒரு வழி இருக்கிறது. அவள் கையில் டார்ச் வேண்டாம், இரண்டு கையாலும் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டிருக்கட்டும். ஆனால் டார்ச் வெளிச்சம் மட்டும் வெளியிலிருந்து, அவள் முகத்துக்கு நேராக, கண்ணாடியில் விழட்டும்.