செங்காந்தள் பூக்கிறது, காய் பிடிக்கவில்லையே?

கேள்வி: ஈஞ்சம்பாக்கத்தில் வீட்டை ஒட்டி 5 சென்ட் மணல் நிலம் இருக்கிறது. ஆனி மாதம் 60 செங்காந்தள் கிழங்கு வாங்கி நட்டேன். 40 கூட முளைக்கவில்லை. முளைத்தவை அழகாகப் பூத்தும் நாலைந்து காய்தான் நின்றது. இன்னும் மொட்டு இருக்கிறது. இலையைப் புழு வேறு தின்கிறது. விதைக்கு நல்ல விலை என்கிறார்களே? கிழங்கை அரைத்து மூட்டுவலிக்குப் போடலாம் என்கிறார் மாமியார். போடலாமா? (ஒரு வாசகி, சென்னை)

பதில்: அம்மா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வேண்டவே வேண்டாம். இந்தச் செடியில் கிழங்கு, விதை, இலை எல்லாவற்றிலும் கால்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது. கவுட் என்னும் மூட்டுவாதத்துக்கு அதையே மருந்தாகவும் தருகிறார்கள். ஆனால் ஒரு மாத்திரையில் இருப்பது அரை மில்லிகிராம். அந்த அளவை அம்மிக்கல்லில் யார் நிறுத்துப் பார்ப்பது? சித்த வைத்தியரும் நஞ்சைக் குறைக்கும் சுத்திமுறை செய்த பிறகே கிழங்கைக் கையில் எடுப்பார். வள்ளிக்கிழங்கு என்று நினைத்துத் தின்று செத்தவர்கள் உண்டு. குழந்தைகள் இருக்கிற வீடென்றால் வேலி போடுங்கள்.

சரி, காய்க்கு வருவோம். பூவைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். ஆறு மகரந்தத் தாள்களும் சுற்றிலும் விரிந்து நிற்கும். பூவின் பெண் பாகமான சூல்தண்டு மட்டும் அடியிலேயே மடங்கி, கோபித்துக்கொண்டதுபோல ஒரு பக்கமாக விலகிப் போயிருக்கும். தன் மகரந்தம் தன் மேலேயே படுவது அரிது. வண்டோ பட்டாம்பூச்சியோ வந்தால்தான் உண்டு. அதனால்தான் இதைப் பயிராகவே வளர்க்கிற திருப்பூர் மாவட்டத்து மூலனூர், தாராபுரம் பக்கம் காலையில் ஆள் வைத்துப் பூப்பூவாகத் தொட்டுவிடுகிறார்கள். நீங்களும் அதைச் செய்யுங்கள். அன்று விரிந்த பூ, இதழில் இன்னும் மஞ்சள் இருக்கும். காலை 8 மணியிலிருந்து 11 மணிக்குள், வேறொரு கொடியின் பூவிலிருந்து மகரந்தத்தைச் சின்ன தூரிகையில் எடுத்து, சூல்தண்டின் மூன்றாகப் பிரிந்த நுனியில் தடவுங்கள். இதழ் முழுச் சிவப்பானபின் தொட்டால் பலன் குறைவு.

சென்னையில் இன்னொரு தொல்லை, பூக்கும் காலமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வந்துவிடும். தடவியதை மழை கழுவிவிடும். மழை விட்ட காலைகளைப் பார்த்துச் செய்யுங்கள். உங்கள் மணலில் தண்ணீர் நிற்காது என்று இருந்துவிடாதீர்கள். அடைமழையில் கடலோரத்தில் ஊற்று மேலே வரும், கிழங்கு அழுகும். அடுத்த முறை மேட்டுப்பாத்தி போட்டு நடுங்கள்.

முளைக்காததற்கு என் சந்தேகம் கிழங்கின் நுனியில். கலப்பை மாதிரி இரண்டாகக் கிளைத்திருக்கும் கிழங்கில் முளைக்கண் நுனியில்தான் இருக்கிறது. வண்டியில் வரும்போது நுனி ஒடிந்தால் அந்தப் பக்கம் போச்சு. முட்டையைப் போலக் கையாண்டு, படுக்கைவசமாக நட வேண்டும்.

புழு கருப்பாக, வெள்ளைப் புள்ளியோடு இருந்தால் காந்தள் புழு. 40 கொடிக்கு மருந்தெல்லாம் எதற்கு, காலையில் குச்சியால் தட்டி எடுத்துவிடலாம். மிஞ்சினால் வேப்பெண்ணெய்க் கரைசல்.

விதைக்கு விலை உண்டு, ஆனால் வருஷத்துக்கு வருஷம் ஏறி இறங்கும். வியாபாரிகளும் பெரும்பாலும் மேற்கு மாவட்டங்களில்தான். 5 சென்ட்டில் வருகிற விதைக்கு அவர்கள் சென்னை வரை வர மாட்டார்கள். மாநிலப் பூவாயிற்றே, கிழங்கைப் பெருக்கி மாடித்தோட்டக்காரர்களுக்குக் கொடுப்பதே உங்களுக்குத் தோது என்பேன், நஞ்சு என்று எழுதி ஒட்டித்தான்.

தை, மாசியில் கொடி காய்ந்ததும் கிழங்கை நுனி ஒடியாமல் தோண்டி, உலர்ந்த மணலில் புதைத்து நிழலில் வையுங்கள். ஆனி வரை தூங்கும். அப்புறம் முளைக்கண் விழித்ததை மட்டும் பொறுக்கி நடுங்கள்.